இலையிடம் தண்ணீர் தோற்குமாம்

எனக்கு எந்த நினைவும் அதன் கிழமையோடுதான் வரும். என் கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தியது போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை; மாதா திருவிழாவுக்குக் கொடியேறிய நாள். தலை தாழ்ந்து கால் உயர்ந்து படுத்திருந்த என் காதில் கோயில் ஒலிபெருக்கியின் ஜெபமாலை விழுந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய செவ்வாயன்றுதான் கர்ப்பப்பையின் வாயில் தையல் போட்டிருந்தார்கள். சாப்பிட எழுந்து உட்காரலாம், கழிவறைக்கு மெல்ல நடந்து போகலாம், மற்றபடி குழந்தை பிறக்கும்வரை படுக்கைதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதற்கு முன் இரண்டு முறை ஐந்தாம் மாதத்தோடு முடிந்துபோயிருந்தது. முதலாவது ஒரு தவக்காலத்தில். இரண்டாவது, அடுத்த ஆண்டு பொங்கலுக்கு மறுநாள். இந்த முறையும் தங்காவிட்டால் இன்னொன்றுக்கு உடம்பு இடம் கொடுக்குமா என்று தெரியாது என டாக்டர் என் கணவரிடம் தனியாகச் சொன்னாராம். கணவர் அதை என்னிடம் சொல்லவில்லை. அத்தை சொன்னார்.

அத்தை என்பது என் மாமியார். நாங்கள் குடியிருப்பது அவர் பெயரில் ஒதுக்கப்பட்ட பழைய குவார்ட்டர்ஸ். நெய்வேலி டவுன்ஷிப்பில் ஓர் அலுவலகத்தில் அவருக்குப் பெர்மனென்ட் வேலை. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார். கணவருக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். நான்கு நாள் சேர்ந்தாற்போல லீவு போட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் நிற்பான். என் அம்மா சேத்தியாத்தோப்பில் இருக்கிறாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து அவளால் வாசலைத் தாண்ட முடியாது. ஆகப் பகலில் என்னோடு இருக்கக்கூடியவராக ஒரே ஒருவர்தான் மீந்தார். என் மாமனார்.

அவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் நிலத்தடி நீரை இறைக்கும் பிரிவில் பம்ப் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இங்கே நிலக்கரிப் படிவத்துக்குக் கீழேயிருந்து தண்ணீர் எப்போதும் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். பம்புகள் ஓயாமல் ஓடினால்தான் மேலே வெட்ட முடியும். வேலைக் காலம் முழுவதும் அந்தத் தண்ணீரைத் தாழ்த்தி வைத்திருந்தது அவர் வேலை. ஓய்வுக்குப் பிறகு காலைத் திருப்பலி, பிறகு டீக்கடை, பிறகு பழைய ஆட்களோடு மரத்தடிப் பேச்சு என்று வெளியிலேயே இருந்தவரை என் தையல் வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டது.

நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. சண்டை ஒன்றுமில்லை. நான் வளர்ந்த வீட்டில் மாமனார் இருக்கும் கூடத்தில் மருமகள் உட்காரமாட்டாள். அவர் வளர்ந்த வீட்டில் மருமகளிடம் நேருக்கு நேர் பேசும் வழக்கமே கிடையாது. வேதக்காரக் குடும்பமென்றாலும் இதெல்லாம் அப்படியேதான் இருந்தது. "பொண்ணு சாப்புட்டுச்சான்னு கேளு" என்று அத்தையிடம் சொல்வார். நான் அத்தைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பேன். இப்போது பகலில் அத்தை இல்லை. தண்ணீர் பாட்டிலை ஸ்டூலில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து, "தண்ணி வச்சிருக்குது" என்பார். நானும் ஜன்னலைப் பார்த்து "சரிங்க மாமா" என்பேன்.

படுக்கையறையில் படுத்திருந்தால் இந்தச் சங்கடம் பாதி குறைந்திருக்கும். ஆனால் அங்கிருந்து கழிவறைக்குப் போக இரண்டு படி இறங்க வேண்டும். படி கூடாதென்று டாக்டர் சொன்னதால் கட்டில் கூடத்துக்கு வந்தது. கூடத்தில்தான் டிவி, கூடத்தில்தான் அவருடைய நாற்காலி. உட்காரவே கூடாத இடத்தில், கால் மேலேயும் தலை கீழேயுமாக, நைட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு நான் படுத்துக் கிடந்தேன். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

முதல் வாரங்களில் நூலகப் புத்தகங்கள் படித்தேன். தலை தாழ்ந்து படுத்துப் புத்தகத்தை மேலே தூக்கிப் பிடித்தால் கை மரத்துப்போகும், எழுத்துகள் மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு என் கணவர், தன் பள்ளிக்கூட நாட்களில் விளையாடிய ஒரு பழைய விளையாட்டை என் கைப்பேசியில் ஏற்றிக் கொடுத்தார். கை வலிக்கிறது என்றதும் வடலூரிலிருந்து ஒரு வயர் வாங்கிவந்து கைப்பேசியை டிவியோடு இணைத்தார். கைப்பேசி என் வயிற்றின் மேல், படம் டிவியில். இரண்டு விரல் அசைந்தால் போதும். டிவியை நான் எடுத்துக்கொண்டதால் மாமனாருக்குச் செய்திச் சேனலும் போயிற்று. வேறு வழியில்லாமல் அவரும் அதையே பார்க்க வேண்டியதாயிற்று.

விளையாட்டு எளிமையானதுதான். காட்டிலும் ஆற்றிலும் திரிகிற விசித்திர ஜந்துக்களைப் பிடித்துப் பழக்கி, எதிராளியின் ஜந்துக்களோடு மோதவிட வேண்டும். ஒரு சமயத்தில் ஆறு ஜந்துக்களைக் கூட வைத்துக்கொள்ளலாம். மற்றவை பெட்டியில் கிடக்கும். களத்தில் இருப்பது பக்கத்துக்கு ஒன்று. ஒருமுறை நாம் அடித்தால் மறுமுறை அவர்கள். ஒவ்வொரு ஜந்துவுக்கும் ஒரு பூதம் உண்டு: நெருப்பு, நீர், மண், இலை, மின்சாரம் என்று. யார் அடி யாருக்கு இரட்டிப்பாக விழும், யாருக்குப் பாதியாகும், யாருக்குப் படவே படாது என்பதெல்லாம் இந்தப் பூதக் கணக்குப்படிதான். ஊருக்கு ஒரு தலைவர் இருப்பார். அவரை வென்றால்தான் அடுத்த ஊருக்கு வழி.

ஐம்பூதங்களும் கலந்தது உலகம் என்று எத்தனையோ இடத்தில் படித்திருக்கிறேன். ஒன்று மற்றொன்றை வெல்லும் என்று படித்ததாக நினைவில்லை. இங்கே பூதங்கள் பதினேழோ பதினெட்டோ. பதிப்புக்குப் பதிப்பு மாறுமாம். பனி, விஷம், இரும்பு, பேய் எல்லாம் தனித்தனிப் பூதம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எதிரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இளப்பமான ஆள். முதலில் எந்த ஜந்து வேண்டும் என்று கேட்டபோது நான் நெருப்பை எடுத்தேன். "நெய்வேலிக்கு வாழ்க்கைப்பட்டவ வேற எதை எடுப்பா" என்றார் கணவர்.

மாமனார் வாய் திறந்தது புரட்டாசி பிறந்த வாரத்தில். என் நெருப்பு ஜந்து ஒரு பாறை ஜந்துவின் மேல் தீயைக் கக்கிக்கொண்டிருந்தது, ஒன்றும் ஆகவில்லை. நாற்காலி எப்போது டிவிப் பக்கம் திரும்பியதென்று நான் கவனிக்கவில்லை. அவர் டிவியிடம் சொன்னார்:

"கல்லுல நெருப்பு வச்சா கல்லு சூடாவும். அவ்ளோதான்."

எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளவும் முடியாது, கேட்காதது போல இருக்கவும் முடியாது. நான் ஜந்துவை மாற்றினேன். அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் டிவிக்குச் சொல்வார், நான் டிவியில் செய்வேன். சில நாளில் நானும் டிவியிடம் பேச ஆரம்பித்தேன். யாரும் யாரிடமும் பேசவில்லை. பேச்சு மட்டும் நடந்துகொண்டிருந்தது.

பூதக் கணக்கில் பெரும்பாலானவற்றை அவர் ஒப்புக்கொண்டார், காரணம் மட்டும் அவருடையதாக இருக்கும். மின்சாரம் மண்ணுக்குப் படாது என்று திரையில் வந்தபோது தொடையைத் தட்டினார். "எர்த் ஆயிடுச்சு. மண்ணுல வுட்ட கரண்ட் எங்க போவும்?" மின்சாரம் தண்ணீரை வெல்லும் என்பதற்கு அவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. கரண்ட் இருந்தால் பம்ப் ஓடும், பம்ப் ஓடினால் தண்ணீர் தோற்கும். தண்ணீர் நெருப்பை வெல்லும் என்பதை மட்டும் பாதிதான் ஏற்றார். கரி குவித்து வைத்திருக்கும் இடத்தில் புகைய ஆரம்பித்தால் தண்ணீரை அடித்தால் மேலாக அணையும், உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். மண்ணைத் தள்ளி மூடி அமுக்கினால்தான் அடங்கும் என்றார். மண்ணும் நெருப்பை வெல்லும் என்று விளையாட்டிலும் இருந்தது. அதைத் திரையில் காட்டியபோது, கேள்வி கேட்டவரையே மடக்கிவிட்ட பையனைப் போல நிமிர்ந்து உட்கார்ந்தார். இலை மண்ணை வெல்லும் என்பதற்கும் மறுப்பில்லை. சுரங்கத்திலிருந்து வாரிக் கொட்டிய மண்மேடுகளில் மரம் வைத்துத்தானே சரியாமல் நிறுத்தியிருக்கிறார்கள் என்றார்.

'சாதாரணம்' என்றே ஒரு பூதம் உண்டு. எவரையும் அது பலமாக அடிக்காது. பேயை அடித்தால் படாது, பேய் அடித்தாலும் அதற்குப் படாது. அதைப் பார்த்துவிட்டு, "பேய்கூட சீண்டாதா? ரிட்டையர் ஆன ஆளுங்க கணக்குதான்" என்றார். சிரிப்பில் வயிறு குலுங்கி, பயந்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவர் சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவே இல்லை. எதிராளி நம் ஜந்துவுக்கு ஆகாத பூதமாக இருந்தால் நான் உடனே நம்முடையதைத் திரும்ப அழைத்து வேறொன்றை இறக்குவேன். அப்படி மாற்றும்போது நம் முறை போய்விடும். புதிதாக இறங்குகிற ஜந்து அடிக்காமலேயே ஓர் அடி வாங்கும். அவருக்கு அது பொறுக்காது. "ரிலீவர் வந்து நின்னு கைமாத்திகினாதான் பழைய ஆளு எறங்கணும். ஆள மாத்தற நேரத்துலதான் அடி வுழுது பாரு." ஷிப்ட் முடிந்தாலும் அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை பம்பைவிட்டு நகர்ந்ததில்லையாம். எத்தனையோ நாள் ரிலீவர் வராமல் அடுத்த ஷிப்டையும் அவரே பார்த்திருக்கிறார். அவர் கணக்கில், நிற்கிற ஜந்து விழும்வரை நிற்க வேண்டும். நான் மாற்றிவிடுவேன். அவர் நாக்கைத் தட்டுவார்.

புரட்டாசிக் கடைசியில் நீர்ப் பூதத் தலைவி ஒருத்தியிடம் வந்து சேர்ந்தோம். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

அவளுடைய முதல் ஜந்துக்களை மின்சாரம் வீழ்த்திவிட்டது. கடைசியாக, சேற்று நிறத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் ஒன்றை இறக்கினாள். அதற்கு இரண்டு பூதம், நீரும் மண்ணும். மின்சாரம் படவில்லை. நெருப்பு பாதியாக விழுந்தது, கல்லும் பாதியாக விழுந்தது. அது அடித்த ஒவ்வோர் அடியும் எங்கள் பக்கம் இரட்டிப்பாக விழுந்தது. ஆறும் ஒவ்வொன்றாகச் சரிந்தன. "தண்ணியும் மண்ணும் சேந்தா சேறு. சேத்துல மிஷினே நிக்கும்" என்றார் மாமனார். முகத்தில் வருத்தமில்லை; தெரிந்த எதிரியைப் பார்த்த மரியாதைதான் இருந்தது.

நாட்கள் போயின. பூதத்தால் முடியாவிட்டால் பலத்தால் முடிப்போம் என்று, விளையாட்டின் காட்டுப்பாதையில் அந்த ஆறையும் அலையவிட்டுப் பலமேற்றினோம். மறுபடி போவோம், மறுபடி சேறு. ஒருநாள் தலைவியின் இன்னொரு ஜந்து எங்கள் நெருப்பைச் சுழலில் சிக்கவைத்துவிட்டது. நான் மாற்றப் பார்த்தேன். மாற்ற முடியாது என்று வந்தது. மறுமுறையும் அதுவே வந்தது. சுழலுக்குள் சுற்றிச் சுற்றி அதன் உயிர்க்கோடு கரைந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு பொத்தானை அழுத்துவதைத் தவிர எனக்கு வேலையில்லை. மாற்றவே கூடாது என்று சொல்லிவந்த மாமனார், "இது இன்னா அநியாயம், எறங்கணும்ன்றவன எறங்க வுடணும்ல" என்று டிவியிடம் கேட்டுவிட்டு எழுந்துபோய் வாசல் கதவைத் திறந்து, கொஞ்சநேரம் சாலையைப் பார்த்துவிட்டு, திரும்பவும் வந்து உட்கார்ந்தார்.

வழி இருந்தது. அது எங்கள் பெட்டியிலேயே கிடந்தது. இலைப் பூதம் நீரையும் வெல்லும், மண்ணையும் வெல்லும். இரண்டும் சேர்ந்த சேற்றின் மேல் அதன் அடி நான்கு மடங்கு. அந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். பிடித்துவைத்த இலை ஜந்து ஒன்றும் இருந்தது. ஆனால் அதை இறக்க எனக்குக் கை வரவில்லை.

நான் சேத்தியாத்தோப்புக்காரி. வெள்ளாறு ஏறினால் எங்கள் வயல் முழுகும். தீபாவளிக்கு முந்தைய மழையில் அந்த வருடமும் முழுகியது. அம்மா தொலைபேசியில், நெல்லின் நுனிகூடத் தெரியவில்லை, படகு விடலாம் போலிருக்கிறது என்றாள். பயிர் தண்ணீரை வெல்லுமாம். மாமனாரோ, தண்ணீரை எதிர்த்து நிற்கக்கூடியது மோட்டார் ஒன்றுதான் என்று ஆயுள் முழுவதும் அறிந்தவர். டிவியில் அட்டவணையைக் காட்டி, இலைதான் வெல்லுமாம் என்று ஒருமுறை சொல்லிப்பார்த்தேன்.

"எது? எல தண்ணிய ஜெயிக்குமா?"

"எங்க வூட்டு நெல்லு ஒரு ஐப்பசியிலயும் ஜெயிச்சதில்ல மாமா" என்றேன்.

அவர் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் முழுதாக ஒன்றுபட்டோம், ஒன்றுபட்டு அங்கேயே கிடந்தோம்.

கல்லறைத் திருநாள் முடிந்த புதன்கிழமை, அவரோடு பம்ப் செக்ஷனில் வேலைபார்த்த ஒருவர் இறந்துபோனார். அடக்கம் பிற்பகலில். அத்தை அலுவலகத்தில், கணவர் ஷிப்டில். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மாமனார் வாசலில் நின்றார். பக்கத்து வீட்டு அம்மாவை வந்து உட்காரச் சொல்லலாம் என்று நான் ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன். அவர் வாசலைவிட்டு இறங்கவில்லை. அந்த அம்மா அத்தையிடம் முறையாகப் பொறுப்பு வாங்கிக்கொண்டவர் இல்லையே. அத்தை வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார். நான் விளையாட்டைத் தொடங்கினேன். என் வயிற்றுக்குள் இருப்பது எனக்கு மட்டும் சிறையில்லை என்று அன்றைக்குத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய, என்னால் புரண்டுதான் படுக்க முடியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வீட்டிலிருந்தார். நாங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு நம்பவே இல்லை.

"ரெண்டு பேரும் சேந்து ஒரு மாசமா இந்தச் சேத்துலயா கெடக்கறீங்க? பெட்டில பச்சையா ஒண்ணு தூங்குது பாரு. எறக்கு, முடிஞ்சுது."

"அதெல்லாம் வேலைக்கு ஆவாதுடா" என்றார் மாமனார்.

"அப்பா, இது உங்க பம்ப் ஹவுஸ் இல்ல. உள்ள எழுதி வச்சிருக்கான், எல ஜெயிக்கும்னு. அவ்வளவுதான்."

திங்கட்கிழமை இருவரும் தனியாக இருந்தபோது இறக்கினேன். குட்டித் தவளைபோல முதுகில் இலையோடு நின்றது. ஒரே அடி. சேறு சாய்ந்தது. தலைவி வாழ்த்தினாள், இசை ஒலித்தது, அடுத்த ஊருக்கு வழி திறந்தது. நாங்கள் இருவரும் ஏமாற்றப்பட்டவர்களைப் போல டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "எழுதி வச்சிருக்கான், ஜெயிக்குது" என்றார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அம்மாவின் வயலில் தண்ணீர் இன்னும் வடியவில்லை. அதன்பிறகு விளையாட்டில் எனக்கு ருசி குறைந்துவிட்டது. ஆனால் படுக்கை அப்படியேதான் இருந்தது, அதனால் விளையாடினேன்.

கார்த்திகை பிறந்த முதல் வியாழக்கிழமை. கணவருக்கு இரண்டாம் ஷிப்ட். சாப்பிட்டுக் கிளம்பிப் போயிருந்தார். சுரங்கத்தில் இறங்கினால் கைப்பேசி எட்டாது. நான் ஏதோ ஒரு சில்லறைச் சண்டையின் நடுவில் இருந்தேன். சாப்பாட்டுக்குப் பின் வயிறு ஒருமுறை கல் போல இறுகித் தளர்ந்தது. வாயு என்று நினைத்தேன். மறுபடி இறுகியது. கழிவறைக்குப் போய் வந்தேன். அங்கே பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வந்து படுத்துக்கொண்டேன்.

இதற்கு முன் இரண்டு முறையும் இப்படித்தான் தொடங்கியது. எனக்கு அது தெரியும். அந்த இரண்டு முறையும் சொல்வதற்கு அத்தை இருந்தார்.

"ஏன் நின்னுகினு கீது? அடிக்கச் சொல்லு" என்றார் மாமனார் டிவியிடம்.

"வயிறு இறுகி இறுகி வருதுங்க மாமா" என்றேன், டிவியைப் பார்த்தே.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அத்தைக்குப் போன் செய்தார். பர்மிஷன் போட்டுவிட்டு உடனே கிளம்புகிறேன் என்று அத்தை சொன்னது எனக்கும் கேட்டது. "வந்துகினே இருக்குறா" என்று ஜன்னலுக்குச் சொல்லிவிட்டு, வாசற்படியில் போய் நின்றுகொண்டார். ஒரு கை கதவு நிலையில். மழை வலுத்தது. சாலையின் அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிற்பு எனக்குப் புரிந்தது. அடுத்த ஆள் வந்து பொறுப்பை வாங்கும்வரை இடத்தைவிட்டு நகராமல் இருந்தால், அவர் காவலில் எதுவும் கெட்டுப்போகாது என்று அவர் உடம்பு நம்பியது. வேலைக் காலம் முழுவதும் அது அவரைக் கைவிட்டதில்லை.

வயிறு இறுகியது. தளர்ந்தது. சுவரில் இருக்கும் மாதா படத்தைப் பார்த்தேன். தலை தாழ்ந்து கிடந்ததால் பாதம்தான் தெரிந்தது. அத்தை இப்போது எங்கே வந்திருப்பார் என்று கணக்குப் போட்டேன். இந்த மழையில் ஸ்கூட்டியில் வர முடியாது. ஆட்டோ கிடைக்க வேண்டும். அடுத்த முறை இறுகியபோது கால்களை ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டேன். அடியில் விரிப்பு நனைவதை உணர்ந்தேன். அந்த ஒரு வார்த்தையை எங்கள் வீட்டுப் பெண்கள் ஆண்கள் காதில் விழச் சொல்லமாட்டார்கள். அப்பாவிடம் நான் சொன்னதில்லை. கணவரிடம்கூட வேறு விதமாகத்தான் சொல்வேன்.

"மாமா. இங்க பாருங்க."

அவர் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார்.

"அத்தை வர்ற வரைக்கும் தாங்காது. ரத்தம் படுது மாமா."

"எப்பலேருந்து?"

"சாப்பிட்டதுலேருந்து."

திட்டவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்கவில்லை. செருப்புக்கூடப் போடாமல் இறங்கி, கதவைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு, மழையில் ஓடினார். போனில் யாரையாவது கூப்பிட்டுக் காத்திருக்க அவருக்குத் தோன்றவில்லை. வீட்டில் நான் தனியாகக் கிடந்தேன். டிவியில் என் ஜந்துவும் எதிராளியின் ஜந்துவும் யார் அடிப்பது என்று காத்துக்கொண்டு லேசாகக் குதித்தபடி நின்றன.

பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றப் போய்க்கொண்டிருந்த காலி வேன் ஒன்றின் குறுக்கே போய்க் கையை விரித்து நின்றிருக்கிறார். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அம்மாவும் டிரைவரும் அவரோடு உள்ளே வந்தார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்ததும் போர்வையை எடுத்து இடுப்பில் போட்டுவிட்டு, "பெரியவரே, பெட்ஷீட்டோட தூக்கிடலாம்" என்றாள். தலைப்பக்கத்தின் இரண்டு மூலையையும் மாமனார் பிடித்தார். வேனின் நீள இருக்கையில் என்னைக் கிடத்திவிட்டு, நான் சரியாமலிருக்க அவர் தரையில் உட்கார்ந்து இருக்கையின் விளிம்பில் தன் தோளை முட்டுக் கொடுத்துக்கொண்டார். வழி முழுவதும் பேசிக்கொண்டே வந்தார். "இரும்மா. தோ திரும்பிட்டான். பள்ளம் பாத்துப் போப்பா, ஆட்டாத. இரும்மா, கால நீட்டாத." 'எப்பலேருந்து' என்ற ஒரு கேள்வியை விட்டால், இத்தனை வருட மௌனத்துக்குப் பிறகு அவர் என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள் இவை. வலியில் பாதிதான் காதில் விழுந்தது.

டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் தையலைப் பிரித்தார்கள். குழந்தையின் நுரையீரல் தேறுவதற்கு ஊசி போட்டு, வலியைக் கொஞ்சம் தள்ளிப்போட மருந்து ஏற்றி, எடைகுறைந்த பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் வசதியுள்ள புதுச்சேரி ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆம்புலன்சில் அனுப்பினார்கள். கிறிஸ்து அரசர் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை, அறுவை செய்து பெண்ணை எடுத்தார்கள். படிப்பவரைக் காக்கவைக்க எனக்கு விருப்பமில்லை: அவள் பிழைத்துவிட்டாள். இதை எழுதும்போது குப்புறக் கவிழ்ந்து, தலையைத் தூக்கி, என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்தச் சனிக்கிழமையும் அதையடுத்த நாட்களும் அது யாருக்கும் தெரியாது.

அவள் கீழ்த்தளத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள். நான் மேல்தளத்தில், அறுத்த வயிற்றோடு, இரத்த அழுத்தமும் ஏறி, கட்டிலைவிட்டு இறங்கக் கூடாதவளாக. மறுபடியும் படுக்கை. அவள் முகத்தைக் கணவரின் கைப்பேசிப் படத்தில்தான் பார்த்தேன். மூக்கில் குழாய் இருந்ததால் அதிலும் பாதிதான். அவளுக்குத் தாய்ப்பால்தான் மருந்து, சொட்டு வந்தாலும் பிழிந்து அனுப்புங்கள், குழாய் வழியாகக் கொடுப்போம் என்று கீழேயிருந்து சொல்லியனுப்பினார்கள். முதல் நாள் அத்தை கொண்டுபோனார். திங்களன்று அத்தை வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. கணவருக்கும் லீவு முடிந்தது. இருவரும் சாயங்காலம் வருவார்கள். பகலில் இருக்கக்கூடியவராக ஒருவர்தான் இருந்தார்.

பெண்கள் வார்டுக்குள் ஆண்களை விடமாட்டார்கள். என் கட்டில் வாசலை ஒட்டி இருந்தது. நர்ஸ் திரையை இழுத்துவிட்டுக் கொதிநீரில் கழுவிய எவர்சில்வர் கிண்ணத்தைக் கொடுத்தாள். வெகுநேரம் பிழிந்தேன். கிண்ணத்தின் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். நர்ஸ் மூடியைப் போட்டு, "தாத்தாகிட்ட குடுத்துடுங்க" என்று திரையை விலக்கினாள். வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார், கையைக் கழுவி ஈரத்தோடு நீட்டியபடி.

கிண்ணத்தைக் கொடுக்க எனக்குக் கூசியது. அது என்னவென்று இருவருக்கும் தெரியும். அதைவிட, அதன் எடையின்மை கூசியது.

"இவ்ளோதான் வந்துது மாமா."

அவர் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "போதும்மா. அவ வயிறு இத்துனூண்டுதான்" என்றார். தோளிலிருந்த துண்டைக் கிண்ணத்தின் மேல் போட்டு, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, லிப்ட் பக்கம் போகாமல் படிக்கட்டுப் பக்கம் திரும்பினார். ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டது. கேட்பது நின்றபிறகும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்தபோது கிண்ணம் காலியாக இருந்தது.

"எறங்கிடுச்சாம். கக்கலயாம். நர்சம்மா சொன்னாங்க. இன்னொரு தபா கேட்டாங்க, கொஞ்சம் போல."

"இப்பவேவா?"

"அவசரமில்ல, மெதுவா. நான் இங்கதான் நின்னுகினு இருக்கறேன்."

நர்ஸ் புதிய கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். நான் திரையை இழுத்துவிட்டேன். திரை முழுதாக மூடுவதில்லை. ஓரத்தில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அதன் வழியே, அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வது தெரிந்தது.